குடையமுதமும் நாலாவது கேள்வியும்

மீட்டர் அந்த மண்டபத்துக்குள் நுழைந்தது நாற்காலிக்காகத்தான், காளானுக்காக இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பிற்பாடு குடையமுதப் பேரியக்கத்தின் மேடையில் நின்று இதற்கு நேர்மாறாக அவரே சொன்னார். கூட்டமும் கைதட்டியது.

மீட்டர் என்பது திரைச்சீலைக் கடையில் அவருக்கு விழுந்த பேர். ஜன்னல் திரை, கதவுத் திரை என்று ஆயுளில் பாதிக்கு மேல் துணி அளந்து கிழித்தவர். பேரம் என்றால் அவருக்கு உயிர். வந்தவள் பாதி விலைக்குக் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். அவள் படியிறங்கினால் கூப்பிடுவார். கூப்பிட்டும் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டால் மட்டும் உண்மையிலேயே நெஞ்சு வலிக்கும். முதலாளியின் மகன் வந்தான், கடைக்குக் கண்ணாடிக் கதவு போட்டான், ஒவ்வொரு துணியிலும் விலைச் சீட்டைத் தைத்தான். சீட்டில் இருப்பதுதான் விலை என்று ஆன பிறகு மீட்டருக்கு அங்கே என்ன வேலை? ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

வீட்டில் பேரம் பேச மனைவி இருந்தாள். அவளும் போய்ச் சேர்ந்தாள். மகன் தூரதேசத்தில். எப்போதாவது மொபைலில் முகம் காட்டுவான், அதிலும் பாதி நெற்றிதான் தெரியும். "உடம்பு எப்படிப்பா?" "நல்லாருக்கு." "சரிப்பா, வைக்கிறேன்." அவ்வளவுதான். நல்லாருக்கு என்ற ஒரு வார்த்தைக்கு ஒரு பேச்சையே முடித்து வைக்கிற சக்தி உண்டு என்பதை மீட்டர் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

ஆக, வாங்குவதற்கு ஒன்றுமில்லாமல் கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்தவர் கண்ணில் 'இலவச உடல் பரிசோதனை' என்ற பலகை பட்டது. உள்ளே வரிசையாக நாற்காலி. மின்விசிறி வேறு சுற்றியது. உட்கார்ந்தார். பச்சைக் கோட்டு போட்ட ஒருவர் அவர் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்து, "உங்களுக்குக் கடுமையான சோர்வு இருக்கு" என்றார்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"உக்காந்திருக்கீங்களே."

அங்கே இருந்தவர்கள் எல்லாரும் உட்காராமல் நின்றுகொண்டிருந்ததை மீட்டர் அப்போதுதான் பார்த்தார்.

குடையமுதம் என்பது ஒரு டப்பா. டப்பாவுக்குள் மருத்துவக் காளானின் பொடி. காலையில் ஒரு கரண்டி வெந்நீரில் கலக்கிக் குடித்தால் உடம்பில் சக்தி ஊறும், நோய் எதிர்ப்பு ஏறும். இதை விற்பவர்களைக் கம்பெனி என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும். பேரியக்கம். வாங்குகிறவர் வாடிக்கையாளர் இல்லை, 'வித்து'. வித்து தேறினால் 'இழை' ஆகலாம். இழைக்கு மேல் 'தண்டு', தண்டுக்கு மேல் 'குடை'. எல்லாருக்கும் மேலே, எல்லாரையும் மூடிக்கொண்டு, 'பெருங்குடை'. ஒருவரையொருவர் பார்த்தால் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்க வேண்டும், "முளைத்துக்கொண்டே இருக்கிறேன்" என்று பதில் சொல்ல வேண்டும். பல்வலிக்காரர்கூடக் கன்னத்தைப் பிடித்தபடி அதைத்தான் சொன்னார்.

மீட்டர் டப்பாவின் விலையைக் கேட்டார், வழக்கம்போல நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"விலையில பேச்சே இல்லைங்க ஐயா" என்றார் பச்சைக் கோட்டு.

"பின்ன எதுலதான் பேச்சு?"

"விசாரிப்பு உண்டு. தினம் காலையில எங்க இழை ஒருத்தங்க போன் பண்ணி உங்களை நலம் விசாரிப்பாங்க."

மீட்டர் நெஞ்சிலிருந்து கையை எடுத்தார். "தினமுமா?"

"ஞாயித்துக்கிழமை தவிர."

மீட்டர் எழுந்தார். வாசல்வரை போனார். பச்சைக் கோட்டு கூப்பிட்டது. ஞாயிறும் சேர்ந்தது. மீட்டர் டப்பாவை வாங்கிக்கொண்டார்.

*

பொடியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நனைந்த சாக்கைக் காயவைக்காமல் மடித்துப் போட்டால் ஒரு வாடை வருமே, அதை நாக்கில் வைத்த மாதிரி இருந்தது. முதல் நாள் ஒரு கரண்டி குடித்தார். டப்பாவை இறுக மூடி அலமாரியின் மேல்தட்டில் ஏற்றினார். பிற்பாடு மாதாமாதம் வந்த டப்பாக்களும் பிரிக்கப்படாமல் அதன் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தன.

ஆனால் போன் வந்தது.

"வணக்கம் அப்பா. குடையமுதத்துலேருந்து பேசறேன். குடிச்சீங்களா?"

"குடிச்சேன்."

"தூங்கினீங்களா?"

"தூங்கினேன்."

"சோர்வா, சுமாரா, உற்சாகமா?"

"சோர்வு."

"நன்றி அப்பா. முளைத்துக்கொண்டே இருங்கள்."

அவ்வளவுதான். செருப்பு மாட்டுகிற நேரம்கூட ஆகவில்லை. காலையிலிருந்து தொண்டையைச் செருமிச் செருமித் தயாராக வைத்திருந்த மீட்டருக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. சரக்கு அளவில் குறைகிறதே!

மறுநாள் மூன்று கேள்வி முடிந்ததும், "நில்லும்மா" என்றார். "மூணுதானா?"

"மூணுதாம்பா. அதான் விதி."

"இன்னொண்ணு போட்டுக் குடு."

"கேள்வியில கூடவாப்பா கொசுறு?"

"உங்களுக்குப் போட்டியா பாசி மாத்திரை விக்கிறான் பாரு, அவன் நாலு கேக்கறானாம். நான் அங்கேயே போயிக்கறேன்."

"அப்பா, பாசி மாத்திரைக்காரங்க போனே பண்றதில்ல."

"அப்படியா? சரி, அவங்க கெட்டுப்போறாங்க. நீ ஒண்ணு கேளு. சும்மா எதையாவது கேளு."

அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் கேட்டாள்:

"உங்க ஜன்னல்ல என்ன தெரியுதுப்பா?"

மீட்டர் திரும்பிப் பார்த்தார். தடித்த திரை. மனைவி போன அன்று யாரோ இழுத்து மூடியது, அப்படியே கிடந்தது. ஊரார் ஜன்னலுக்கெல்லாம் திரை போட்டவர் தன் ஜன்னலைத் திறந்து எத்தனை காலமாகிவிட்டது என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

"நாளைக்குச் சொல்றேன்" என்றார். "ஏம்மா, இதைப் போய்க் கேட்ட?"

"எங்க அறையில ஜன்னல் இல்லப்பா. கீழ்த்தளம். நாங்க எல்லாரும் சுவத்தைப் பாத்துத்தான் பேசறோம்."

மறுநாளிலிருந்து மீட்டருக்கு வேலை வந்துவிட்டது. விடிந்ததும் திரையை விலக்கிவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். எதிர்மாடிக்காரர் ஜன்னல் கம்பியில் கண்ணாடியை மாட்டிச் சவரம் செய்வது, பாட்டு உச்சத்துக்குப் போகும்போது கத்தியை மட்டும் நிறுத்திக்கொள்வது. அவருக்கு ஒரு மாடி கீழே கீழ்வீட்டம்மா தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற, அது வடிந்து, வாசலில் பேப்பர் படிக்கிறவர் தலையில் சரியாக விழுவது. அவரும் தினமும் அண்ணாந்து பார்த்துவிட்டு, மறுநாளும் அதே இடத்தில் உட்காருவது. எல்லாவற்றையும் பொறுக்கி, வரிசைப்படுத்தி, நல்லதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வார். கடையில் துணி காட்டிய காலத்திலும் அப்படித்தான்.

"ஏம்ப்பா, அந்தப் பேப்பர்காரர் இடத்தை மாத்திக்க மாட்டாரா?"

"மாத்தினா அண்ணாந்து பாக்கறதுக்கு ஒரு காரணம் வேணாமாம்மா?"

அவள் சிரித்தாள். "நன்றி அப்பா. முளைத்துக்கொண்டே இருங்கள்" என்று சட்டென்று குரலை மாற்றினாள். யாரோ பின்னால் நடந்து போயிருக்க வேண்டும்.

உட்காருவதும் எழுவதும் எட்டிப் பார்ப்பதுமாக மீட்டருக்கு உடம்பில் ஒரு தெம்பு வந்தது. அதுதான் வினையாகிப் போனது.

*

பேரியக்கத்தின் விதி இது. ஒரு வித்து தொடர்ந்து 'சோர்வு' என்றால் அவரைச் சிறப்புப் பிரிவுக்கு மாற்றுவார்கள். அங்கே போன் செய்வது ஒரு இயந்திரம். தொடர்ந்து 'உற்சாகம்' என்றால் அவர் தேறிவிட்டார், இழையாகிவிட்டார். இனி அவர்தான் மற்றவர்களுக்குப் போன் செய்ய வேண்டும், அவருக்கு யாரும் செய்ய மாட்டார்கள். உற்சாகமாக இருப்பவரை எதற்கு விசாரிப்பது?

இதை அவள் வாயாலேயே கேட்டறிந்த மீட்டர், பேரத்தில் ஊறியவர் என்ன செய்வாரோ அதைச் செய்தார். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

"சோர்வா, சுமாரா, உற்சாகமா?"

"சுமார்."

மறுநாள் சுமார். மறுமாதமும் சுமார். மழைக்காலம் போய் வெயில் வந்தது, சுமார் மட்டும் போகவில்லை.

பேரியக்கத் தலைமையகத்தின் முகப்பில் ஒரு பெரிய சுவர் உண்டு. ஒவ்வொரு வித்துக்கும் அதில் ஒரு பல்பு. சோர்வுக்குச் சிவப்பு, சுமாருக்கு மஞ்சள், உற்சாகத்துக்குப் பச்சை. விருந்தினர் வந்தால் பெருங்குடை அங்கேதான் நிறுத்திப் பேசுவார். சுற்றிலும் பச்சைப் பசேலென்று எரிகிற சுவரில் ஓர் ஓரத்தில் ஒரே ஒரு மஞ்சள், சொத்தைப்பல் மாதிரி. பெருங்குடை அதைப் பார்த்தார். உடனே நடவடிக்கை எடுக்கப்பட்டது. எலக்ட்ரீஷியன் வந்தார், பல்பை மாற்றினார். புதுப் பல்பும் மஞ்சளாக எரிந்தது. ஒயரை மாற்றினார். எலக்ட்ரீஷியனையே மாற்றினார்கள். மூன்றாவது எலக்ட்ரீஷியன்தான் துணிந்து, "அந்த ஆளைப் போய்ப் பாத்தா என்னங்க?" என்றார். அவருக்கு அத்தோடு வேலை போயிற்று. ஆனால் யோசனை ஏற்கப்பட்டது.

பச்சைக் கோட்டுப் போட்ட இரண்டு பரிசோதகர்கள் மீட்டரின் வீட்டுக்கு வந்தார்கள். சக்தியை அளக்க மாடிப்படி ஏறச் சொன்னார்கள். கூடவே தாங்களும் ஏறினார்கள், விதி அப்படி. மொட்டைமாடிக்குப் போன மீட்டர் அங்கிருந்து எதிர்மாடிக்காரர் எப்படித் தெரிகிறார் என்று பார்த்தார், கீழ்வீட்டம்மாவுக்குக் கையசைத்தார், பிறகு கூட வந்தவர்களைத் தேடினார். காணோம். நடுப்படியில் இருவரும் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"தண்ணி வேணுமா?" என்றார் மீட்டர். "குடையமுதம் கலந்து தரவா? நிறைய இருக்கு."

"வேணாங்க. வெறும் தண்ணி போதும்."

அவர்கள் கொடுத்த அறிக்கை ஒரே வரி: 'வித்து உற்சாகமாக இருக்கிறார், ஆனால் ஒப்புக்கொள்ள மறுக்கிறார்.'

*

மீட்டரைத் தலைமையகத்துக்கு வரச் சொன்னார்கள். நீள மேஜை. நடுவில் பெருங்குடை. பக்கத்தில் ஆராய்ச்சித் தலைவர், அவரை எல்லாரும் 'எலிக்குடை' என்றார்கள், எலிகளை வைத்து ஆராய்பவர் என்பதால். ஓரமாக, சுவரை ஒட்டி, ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்; தினமும் அவருக்குப் போன் செய்கிறவள் என்று சொன்னார்கள். குரலை வைத்து மீட்டர் நினைத்திருந்ததைவிட வயது கூட. காதோரம் நரைத்திருந்தது. அவர் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் உட்காரப் போனார். நாற்காலியை எடுத்துவிட்டார்கள்.

"எப்படி இருக்கீங்க?" என்றார் பெருங்குடை.

"சுமார்."

மேஜை முழுக்கப் பெருமூச்சு விட்டது.

எலிக்குடை தொண்டையைச் செருமினார். "எங்க ஆராய்ச்சியில ஒரு எலிகூட சுமார்னு சொன்னதில்லை. எல்லாமே உற்சாகம்."

"எலி எப்படிங்க சொல்லுச்சு?"

"கூண்டைத் திறந்தோம். ஓடுச்சு."

"கூண்டைத் திறந்தா எலி ஓடத்தானே செய்யும்?"

"அதைத்தான் நாங்க சக்திங்கறோம்."

பெருங்குடை கையை உயர்த்தினார். அறை அடங்கியது. அவர் குரல் கனிந்திருந்தது, வாடகை ஏற்றப்போகிற வீட்டுக்காரரைப்போல.

"பெரியவரே, நாங்கள் மருந்து விற்கவில்லை. மருந்து என்றால் அது வேலை செய்ய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்த மாதிரி நெருக்கடிகளிலிருந்து விலகி நிற்கும் இயக்கம் இது. இந்த டப்பா எந்த நோயையாவது தீர்க்கும் என்று நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. வாங்கியவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வதற்கு நாங்கள் பொறுப்பல்ல. அவர்கள் சொல்லாமல் இருந்தால்தான் எங்களுக்குப் பொறுப்பு வருகிறது. நோய் எதிர்ப்பு என்றால் என்ன? நோய்க்கு முன்னால் சந்தேகம் வருகிறது. சந்தேகத்தை எதிர்த்துவிட்டால் நோய் வந்தாலும் தெரியாது. எங்கள் காளான் தோற்காது. ஆகவே தோற்றது நீங்கள். நீங்கள் இல்லையென்றால்" அவர் ஓரமாகப் பார்த்தார், "உங்களை விசாரிக்கிறவர்."

சுவரோரம் நின்றவளின் கை புடவை நுனியைச் சுருட்டியது.

"ஆண்டுக் கூட்டத்தில் மேடை ஏறி நீங்களே உங்கள் நிலையைச் சொல்லுங்கள். யோசித்துச் சொல்லுங்கள்" என்று முடித்தார் பெருங்குடை.

வெளியே நடைவழியில் அவள் ஓடிவந்தாள்.

"அப்பா..."

"போன்ல மாதிரி இங்கயும் பேச்சைப் பதிவு பண்றாங்களா?"

"இல்லப்பா."

"அப்போ அப்பான்னு கூப்பிடணும்னு கட்டாயம் இல்லம்மா."

"பழகிடுச்சு" என்றாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மேடையில நீங்க சுமார்னு சொன்னா என்னை எடுத்துடுவாங்க. உற்சாகம்னு சொன்னா என்னைத் தண்டு ஆக்குவாங்க. மாடிக்கு மாத்துவாங்க. மாடியில..." நிறுத்தினாள். "மாடியில ஜன்னல் இருக்குப்பா."

மீட்டர் அவளையே பார்த்தார். இப்படி ஒரு தருணத்தில் எப்படி நிற்க வேண்டும், எந்த இடத்தில் உச்சுக்கொட்ட வேண்டும், எப்போது படியிறங்குவதுபோல நடிக்க வேண்டும் என்று அவர் உடம்புக்கே தெரியும். தண்டுகள் போன் செய்வதில்லை. இழைக்கு யாரும் போன் செய்வதில்லை. அவர் கையில் இருந்தது 'சுமார்' என்ற ஒரே ஒரு சரக்கு. அதைக் கொடுத்துவிட்டால் கடை காலி.

"எந்தப் பக்கம் பார்த்த ஜன்னல்?" என்றார்.

"தெரியாதுப்பா. நான் மேல போனதே இல்ல."

"கிழக்கா இருந்தா மெல்லிசுத் துணி போடு. மேற்குன்னா உள்துணி வச்சுத் தைக்கணும், இல்லாட்டி மத்தியானம் உன்னை வறுத்தெடுத்துடும்."

வாழ்க்கையில் முதல்தடவையாக, எதிராளி கேட்ட விலைக்கே கொடுத்தார்.

*

ஆண்டுக் கூட்டத்தில் மீட்டருக்குப் பச்சைக் கோட்டு மாட்டினார்கள். கை நீளம், தோள் தொங்கல். தைத்தவன் அளக்கவே இல்லை என்று அவருக்குத் தோன்றியது. அறிவிப்பாளர் அவரைப் பற்றிச் சொல்லச் சொல்ல மீட்டரும் ஆர்வமாகக் கேட்டார். அவர் படுத்த படுக்கையாகக் கிடந்தாராம். டாக்டர்கள் கைவிட்டார்களாம். காளானைத் தேடித்தான் இந்த மண்டபத்துக்கே வந்தாராம். இதையெல்லாம் அவரையே திருப்பிச் சொல்ல வைத்தார்கள், அவரும் சொன்னார்.

"பெரியவரே! சோர்வா, சுமாரா..." அறிவிப்பாளர் மைக்கை நீட்டினார்.

கூட்டத்தில் அவளைத் தேடினார் மீட்டர். முன்வரிசைப் பச்சைக் கோட்டுகளுக்குப் பின்னால், தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். கண்ணை மூடியிருந்தாள்.

"உற்சாகம்."

இடி விழுந்த மாதிரி கைதட்டல். பெருங்குடை அவரைக் கட்டிக்கொண்டார். பெருங்குடைமேல் லேசாகச் சாக்கு வாடை அடித்தது, பாவம், அவர் மட்டும் உண்மையாகவே குடிக்கிறார் போலிருக்கிறது. மீட்டருக்கு 'இழை' என்ற பட்டை குத்தினார்கள். எல்லாரும் எழுந்து நின்று "முளைத்துக்கொண்டே இருப்போம்" என்று முழங்கினார்கள். தலைமையகச் சுவரில் அன்று மஞ்சளே இல்லை.

மறுநாள் காலை மீட்டர் திரையை விலக்கினார். எதிர்மாடிக்காரர் பாட்டின் உச்சத்தில் இந்தமுறை கத்தியை நிறுத்த மறந்துபோனார். தாடையில் ரத்தம். பாட்டு நின்றது. அவர் கண்ணாடியை முறைத்தார், ஏதோ கண்ணாடிதான் கீறிவிட்ட மாதிரி. மீட்டர் வாய்விட்டுச் சிரித்தார். இதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். பிறகு போனைப் பார்த்தார்.

அடிக்கவில்லை. அடிக்காது என்று தெரியும். தெரிந்தாலும், தொண்டை தானாகச் செருமிக்கொண்டது.

அன்று முழுவதும் அந்த ரத்தக் கீறலை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் பேப்பர்காரர் குடையோடு வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். அதையும் சொல்லவில்லை. எங்கோ ஒரு மாடியில் ஒருத்தி புது ஜன்னலில் நின்றுகொண்டிருப்பாள். அவளை யாரும் கேட்கப்போவதில்லை, என்ன தெரிகிறது என்று. மகன் போன் செய்தான். பாதி நெற்றி தெரிந்தது. "உடம்பு எப்படிப்பா?" "நல்லாருக்கு." "சரிப்பா, வைக்கிறேன்."

திரையை மறுபடி மூடிவிடலாமா என்று அவர் கை அதன் ஓரத்தைப் பிடித்தபோது தலைமையகத்திலிருந்து செய்தி வந்தது. புது இழைக்கு ஒரு வித்து ஒதுக்கியிருக்கிறார்கள். எண் இது. கேள்விகள் மூன்று. கூட்டவோ குறைக்கவோ கூடாது.

மீட்டர் எண்ணை அழுத்தினார். ரொம்ப நேரம் அடித்தது.

"வணக்கம் அம்மா. குடையமுதத்துலேருந்து..."

"குடிச்சேன், தூங்கினேன், சோர்வு" என்றது ஒரு வயதான பெண்குரல், ஒரே மூச்சில். "வைக்கட்டுமா?"

"வைக்காதீங்கம்மா. இன்னொண்ணு இருக்கு. கொசுறு."

"என்ன அது?"

"உங்க ஜன்னல்ல என்ன தெரியுது?"

அந்தப் பக்கம் எதையோ தள்ளிவைக்கிற சத்தம் கேட்டது.

"திரை போட்டிருக்கு" என்றது குரல்.

"விலக்குங்க. நான் இருக்கேன்."

நாற்காலி நகர்கிற சத்தம். காலை இழுத்து இழுத்து நடக்கிற சத்தம். பிறகு கம்பியில் வளையங்கள் உரசுகிற சத்தம், கொஞ்ச தூரம் வந்து சிக்கி நின்றது. வெகுநாளாகத் தொடாத திரை அப்படித்தான். மீட்டர் காதில் போனை அழுத்திக்கொண்டு காத்திருந்தார். ஒரு வெடுக். மிச்ச வளையங்களும் ஓடின.

"சுவருதான் இருக்கு" என்றது குரல். "எதிர்வீட்டுச் சுவர்."

"சுவத்துல?"

"ஒண்ணுமில்ல. இருங்க... மேல ஒரு பூனை உக்காந்திருக்கு." குரல் தாழ்ந்தது, பூனைக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல. "என்னையே பாக்குது. எத்தனை நாளா உக்காந்திருக்கோ, தெரியலையே."

"என்ன கலர்?"

"சாம்பல். ஒரு காது மட்டும் கறுப்பு. அட, கொட்டாவி விடுது!"

"சரிம்மா. இப்போ சொல்லுங்க. சோர்வா, சுமாரா, உற்சாகமா?"

அந்தப் பக்கம் யோசித்தது. "சுமார்னு போட்டுக்கங்களேன்."

"போட்டுக்கறேன்" என்றார் மீட்டர். "ஆனா ஒண்ணு. அதுலயே நில்லுங்க. அவசரப்பட்டு உற்சாகம்னு மட்டும் சொல்லிடாதீங்க."